வெளுத்த பம்பருக்குக் கறுப்பு திரும்புமா?

கேள்வி: காரின் கறுப்பு பம்பர் ஓரம் வெளுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினால் இரண்டே நாளில் பழையபடி வெளுத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: எண்ணெயை விடுங்கள், தூசியைத்தான் இழுக்கும். பெயின்ட் அடிக்காத அந்தப் பாகம் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பைச் சிதைப்பதால்தான் சாம்பல் பூக்கிறது. ஷாம்பு போட்டு மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். பிறகு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் அடுத்துப் போடும் செராமிக் ட்ரிம் கோட்டிங் (பிளாஸ்டிக் பாகங்களுக்கான பாதுகாப்புப் பூச்சு) திட்டுத்திட்டாக உரியும். இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, செராமிக் ட்ரிம் கோட்டிங்கை நிழலில் மெல்லியதாகத் தடவி, மிச்சத்தை மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். 24 மணி நேரம் நனையக் கூடாது. ஏற்காடு போகும் எண்ணமிருந்தால் தள்ளிப்போடுங்கள், மலை மழையை நம்ப முடியாது. சூடான காற்றை அடித்துக் கறுப்பை வரவழைக்கும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம்: அந்தக் கறுப்பு நிலைக்காது, 160 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிளாஸ்டிக்கே உருகிவிடும்.