அம்மாவின் கீமோவுக்காக வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கையில் வருவது 42,000 ரூபாய். அம்மாவுக்கு 64 வயது, மார்பகப் புற்றுநோய். சென்னையில் அறுவை சிகிச்சை முடிந்து, 21 நாளுக்கு ஒரு கீமோ போகிறது. எட்டில் மூன்று முடிந்திருக்கிறது, அப்புறம் ரேடியேஷன். அலுவலகக் காப்பீட்டில் அம்மாவும் இருக்கிறார். தம்பி துபாயிலிருந்து மாதம் 10,000 அனுப்புகிறான். வேலையை விட்டுவிட்டு, பிஎஃப்பில் இருக்கும் 6 லட்சத்தை எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பதில்: ராஜினாமா கடிதத்தை அனுப்பாதீர்கள், சகோதரி. நீங்கள் இழக்கப்போவது 42,000 மட்டும் இல்லை. அம்மாவுக்கான காப்பீடு உங்கள் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொதுவாகக் கடைசி வேலை நாளோடு அதுவும் முடிந்துவிடும். நோய் தெரிந்த பிறகு வெளியில் புதிய பாலிசி கேட்டால் பெரும்பாலும் மறுப்பார்கள். கொடுத்தாலும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். கீமோ காத்திருக்காதே.

சரி, யார் பார்த்துக்கொள்வது? ஒரு காலண்டரை எடுத்து, மீதி ஐந்து கீமோ தேதிகளையும் வட்டமிடுங்கள். மூன்று முறை பார்த்துவிட்டீர்கள், அம்மாவுக்கு எந்த நாட்கள் மோசம் என்று உங்களுக்கே தெரியும். பலருக்கும் மருந்து ஏறிய முதல் ஐந்தாறு நாள்தான் எழுந்திருக்க முடியாது. தடவைக்கு 6 நாள் என்றால் 30 நாள். நடுவில் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அதற்கு 6 நாள் சேர்த்து 36. கையில் 11 நாள் விடுப்பு இருப்பதாக வைத்துக்கொண்டால், 25 நாள் சம்பளம் இல்லாத விடுப்பு. நாளுக்கு 1,400 வீதம் 35,000 ரூபாய். இதே மூன்றரை மாதத்துக்கு வேலையை விட்டால் 1,47,000 போகும், திரும்ப வேலை தேடும் காலம் தனி. ரேடியேஷன் வாரத்தில் ஐந்து நாள், சில வாரங்கள் தொடர்ந்து போகும். அதைத் தஞ்சை, திருச்சிப் பக்கமே வைத்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். முடிந்தால் காலையில் நேரம் வாங்கிக்கொண்டு, தாமதமாக ஆபீஸ் போக அனுமதி கேட்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த 35,000-ஐ எந்த நோட்டிலும் எழுதியிருக்க மாட்டீர்கள். நாள் முழுக்க கணக்கு எழுதுகிறவர், உங்கள் சம்பள வெட்டை மட்டும் செலவாகவே பார்க்கவில்லை! ஆஸ்பத்திரி பில், மருந்து, சென்னை ஆட்டோ, உங்கள் சம்பள வெட்டு எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். சண்டைக்கு இல்லை. அவர் பார்ப்பது பில்லை மட்டும்தான், 10,000 போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பார். பணத்தை அம்மாவின் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். மகன் தாய்க்குக் கொடுப்பதற்கு வருமான வரி கிடையாது. அந்தக் கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மாற்றிவிடுங்கள்.

பிஎஃப்பை உடைக்க வேண்டாம். இப்போதைய 8.25 சதவீத வட்டி நீடித்தால் 6 லட்சம் ஒன்பது வருடத்தில் இரட்டிப்பாகும். கட்டாயம் வந்தால், வேலையில் இருந்தபடியே பெற்றோரின் சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் வங்கியில் நகைக்கடன். கிரெடிட் கார்டில் பாக்கி வைப்பது மட்டும் கூடவே கூடாது.

அம்மா தனி ரேஷன் கார்டில் இருந்து, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு விசாரியுங்கள். வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரயிலில் சிகிச்சைக்குப் போகும்போது, மருத்துவமனைச் சான்று இருந்தால் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்கு முழுச் சலுகை, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். உறவினர்கள், புற்றுநோய் போன்ற நோய்களின் சிகிச்சைச் செலவுக்கான 80டிடிபி வரிச் சலுகை பற்றிச் சொல்வார்கள். அது பழைய வரி முறைக்குத்தான். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது, விட்டுவிடுங்கள்.

கீமோவுக்கு இடையில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை, வீட்டில் போடும் மாத்திரை பில்களையும் கிளெய்ம் பண்ண முடியுமா என்று ஹெச்ஆரிடம் கேளுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மருந்துக்கடை பில்லை அன்றன்றே போட்டோ எடுங்கள். என் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்தபோது கவர் நிறையச் சேர்த்து வைத்தேன். கொடுக்கப் போன நாளில் எழுத்து மங்கி, பாதித் தாள் வெள்ளையாக இருந்தது.

இன்னொன்று, உங்கள் பெயரில் ஆபீஸுக்கு வெளியே ஒரு மருத்துவக் காப்பீடு, ஆரோக்கியமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். படிவத்தில் அம்மாவின் நோயைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். அடுத்த கீமோ அன்று டாக்டரைப் பார்க்கும்போது, உங்களுக்கு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எப்போது தேவை என்பதையும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.