ஜப்பானில் ஆங்கிலப் பள்ளி: அல்சூர் டீச்சர் எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். வயது 39. தனியார் பள்ளி ஒன்றில் 14 வருடமாக ஆங்கில ஆசிரியை. கணவருக்கு டோக்கியோவில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலையில் குடும்பத்தோடு போகிறோம். அங்கே போய்ச் சும்மா உட்கார மனமில்லை. குழந்தைகளுக்குச் சின்னதாக ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்க ஆசை. 50 லட்சம் யென் முதலீடு காட்டினால் தொழில் விசா கிடைக்கும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எஃப்டியில் 22 லட்சம் ரூபாய், மியூச்சுவல் ஃபண்டில் 9 லட்சம் இருக்கிறது. அடுத்த மார்ச்சில் சீட்டு முடிந்தால் 5 லட்சம் வரும். வீட்டுக் கடன் பாக்கி 18 லட்சம். எஃப்டியை உடைத்து, குறைவதற்கு வீட்டின் மேல் இன்னொரு கடன் வாங்கலாமா? வேலையை எப்போது விடுவது?

பதில்: எஃப்டியை உடைக்க வேண்டாம். வீட்டின் மேல் கடனும் வேண்டாம். பள்ளி ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது, அதில் செலவும் குறைவு.

முதலில் அந்த 50 லட்சம் யென். உங்களுக்குச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, பழைய கணக்கைச் சொல்லியிருக்கிறார். பல வருடம் அந்தத் தொகைதான் இருந்தது. 2025 அக்டோபர் 16 முதல் பிசினஸ் மேனேஜர் விசாவுக்கான மூலதனத்தை ஜப்பான் 3 கோடி யென்னாக உயர்த்திவிட்டது. நம் பணத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேல். முழுநேர ஊழியர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். உங்களுக்கோ அந்த ஊழியருக்கோ ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 நிலை அளவுக்கு அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். அதோடு 3 வருட நிர்வாக அனுபவம் அல்லது முதுகலைப் பட்டம் கேட்கிறார்கள். உங்கள் சேமிப்பு முழுவதையும், சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொட்டினாலும் கால்வாசிகூட வராது. ஆகவே அந்தக் கதவை மறந்துவிடலாம்.

வீட்டின் மேல் கடன் வாங்கும் யோசனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டில் தொழில் முதலீட்டுக்குத் தனிநபர்கள் பணம் அனுப்புவது ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தின் கீழ்தான். ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை. ஆனால் இப்படி முதலீட்டுக்கு அனுப்புவதற்காக வங்கி கடன் தரக்கூடாது என்று விதியே இருக்கிறது. காரணத்தை மறைத்துக் கடன் வாங்கினால் பின்னால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். 10 லட்சத்துக்கு மேல் அனுப்பும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வசூலிக்கும் முன்வரி, பிடிப்பார்கள். 30 லட்சம் அனுப்பினால் 4 லட்சம் போய் முடங்கிக் கிடக்கும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் திரும்பும். இந்தியாவிலிருந்து முதலீடு செய்தால் முதலீட்டைத் தெரிவிக்கும் ஃபார்ம் எஃப்சி, ஒவ்வொரு டிசம்பர் 31-க்குள் ஆண்டறிக்கை என்று வேலை தொடரும். அங்கே குடியேறி, அங்கே சம்பாதித்த யென்னில் தொடங்கினால் இந்த ரிசர்வ் வங்கிப் படிவங்களே தேவையில்லை.

இப்போது எந்த வழியில் போகலாம் என்று பார்ப்போம். கணவரோடு சார்ந்தோர் விசாவில் போவீர்கள். தனியாக அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். 'எய்காய்வா' என்று அங்கே சொல்லும் ஆங்கிலப் பேச்சு வகுப்புகள் டோக்கியோவில் நிறைய உண்டு. 2020 முதல் தொடக்கப் பள்ளி 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டதால் சிறுவர்களுக்கான வகுப்புகளுக்கும் தேவை இருக்கிறது. 14 வருடம் வகுப்பில் நின்றவருக்கு அந்த அனுபவமே பெரிய கைமுதல். முதல் இரண்டு வருடம் அப்படி ஓர் இடத்தில் பகுதி நேரமாகச் சொல்லிக்கொடுங்கள். மணிக்கு 1,500 யென் என்று குறைத்தே வைத்தாலும் மாதம் 1,68,000 யென். (ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னைத் தாண்டினால் கணவரின் உடல்நலக் காப்பீட்டில் சார்ந்தவராக இருக்க முடியாது, அதைப் பார்த்து மணி நேரத்தை முடிவு செய்யுங்கள்.) அந்த 28 மணி நேர அனுமதியை வைத்துக்கொண்டு சொந்த வகுப்பு தொடங்கிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சுயதொழிலுக்குத் தனி அனுமதி வேண்டும்.

இதற்கிடையே கணவரின் விசா வகையைக் கவனியுங்கள். உயர்திறன் நிபுணர்களுக்கு ஜப்பானில் ஒரு புள்ளிக் கணக்கு உண்டு. படிப்பு, சம்பளம், வயது, அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி. பொதுவாக 10 வருடம் காத்திருக்க வேண்டிய நிரந்தர வசிப்புரிமைக்கு, 70 புள்ளி உள்ளவர் 3 வருடத்தில் விண்ணப்பிக்கலாம். 80 இருந்தால் ஒரே வருடத்தில். அவருக்கு அது கிடைத்து, நீங்களும் நிரந்தர வசிப்பாளரின் மனைவி என்ற தகுதிக்கு மாறிவிட்டால் என்ன தொழில் செய்யலாம் என்பதில் தடையே இல்லை. 3 கோடி யென் மூலதனமும் தேவையில்லை. எய்காய்வா வகுப்புக்கு அங்கே பள்ளி உரிமம் கேட்பதில்லை. வரி அலுவலகத்தில் தொழில் தொடங்கியதைப் பதிவு செய்தால் தனிநபராகவே நடத்தலாம். ஒன்றரைக் கோடி கேட்ட அதே காரியம் அப்போது சில லட்சங்களில் முடிகிறது. ஆஃபர் லெட்டர் கையில் இருக்கும்போதே கணவரைப் புள்ளியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். உங்கள் திட்டத்தில் இதைவிட முக்கியமான நிதிக் கணக்கு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வகுப்பு தொடங்கிய பிறகு வரும் வரவு செலவையும் முன்கூட்டியே பாருங்கள். 30 பிள்ளைகள், தலைக்கு மாதம் 8,000 யென் என்றால் 2,40,000 வரும். வாடகை 1,20,000, மின்சாரம், புத்தகம், விளம்பரம் 40,000 என்று வைத்தால் கையில் நிற்பது 80,000. மேலே சொன்ன பகுதி நேர வேலையில் வருவதில் இது பாதிகூட இல்லை. எனவே தனி இடம் பிடிக்க அவசரப்படாதீர்கள். கடை, அலுவலக இடங்களுக்குப் பல மாத வாடகையை டெபாசிட்டாகக் கேட்பார்கள். காலி செய்யும்போது இடத்தைப் பழையபடி மாற்றித்தரும் செலவும் உங்களுடையது. வீட்டிலேயே நடத்துவதானால் குடியிருப்புக்கு மட்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று படித்து, வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஃபீஸ் விஷயத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். நோவா என்று ஒரு நிறுவனம் ஜப்பானின் மிகப்பெரிய எய்காய்வா சங்கிலியாக இருந்தது. மொத்தமாக முன்பணம் கட்டினால் ஒரு பாடத்தின் விலை குறையும் என்று மாணவர்களைச் சேர்த்தது. அந்தப் பணத்தில் புதுக் கிளைகள் திறந்தது. பாதியில் விலகியவர்களுக்குப் பணம் திருப்பித்தரும் விதத்தில் வழக்கு வந்து, 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அதே அக்டோபரில் திவாலானது. கட்டிய பணம் மாணவர்களுக்குத் திரும்பவில்லை. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு நடுத்தெருவில் நின்றார்கள். மொழி வகுப்பு ஒப்பந்தம் 2 மாதத்தையும் 50,000 யென்னையும் தாண்டினால், 8 நாளுக்குள் ரத்து செய்யவும் பிறகு நடுவில் விலகவும் மாணவருக்குச் சட்டம் உரிமை தருகிறது. முன்பணமாக வரும் ஃபீஸ், பாடம் நடத்தி முடிக்கும் வரை அவர்கள் பணம்தான். என் அத்தை டியூஷன் எடுத்த காலத்தில் மாதம் முடிந்த பிறகே ஃபீஸ் வாங்குவார். நீங்களும் மாதா மாதம் வாங்குங்கள்.

இங்கே உள்ள பணத்துக்கு வருவோம். எஃப்டியில் 8 லட்சத்தை டோக்கியோவில் முதல் ஆறு மாதச் செலவுக்கென்று ஒதுக்கி, மீதியை அப்படியே விடுங்கள். போன பிறகு சேமிப்புக் கணக்குகளை என்ஆர்ஓ, அதாவது வெளிநாட்டில் வசிப்போருக்கான கணக்காக மாற்ற வேண்டும். வங்கியிடம் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். சீட்டுக்கு மார்ச் வரை தவணை கட்ட அம்மாவிடமோ தம்பியிடமோ பொறுப்பைக் கொடுத்து, வரும் 5 லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள். மியூச்சுவல் ஃபண்டைத் தொடாதீர்கள், கேஒய்சியில் என்ஆர்ஐ என்று மட்டும் மாற்றுங்கள்.

வேலையை ஜூனில் விட்டால் போதும். விடும்போது பணிக்கொடையைக் கேட்டு வாங்குங்கள். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்று 2022-ல் நம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. கடைசி அடிப்படைச் சம்பளம் 36,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 14 வருடத்தால் பெருக்க, ஏறக்குறைய 2,90,000 ரூபாய் வரும். அதில் ஒரு பங்கை இப்போதே ஜப்பானிய மொழி வகுப்புக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளைச் சேர்க்க வரும் அம்மாக்கள் உங்களிடம் பேசப்போவது அந்த மொழியில்தான்.