பழைய மடிக்கணினியில்தான் நமக்குக் கட்டுப்பாடு அதிகம் என்கிறார்களே, ஏன்?

வன்பொருள் கட்டுப்பாடு என்றால், கணினிக்குள் எந்த நிரல் ஓடலாம் என்பதை வாங்கியவரே முடிவு செய்வது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பழைய மடிக்கணினிகள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை மட்டமாக எண்ண வேண்டாம்.

பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல, மதர்போர்டின் சிறு சில்லில் உள்ள ஃபர்ம்வேர் என்ற தொடக்க நிரல். இன்டெல் கணினிகளில் ‘மேனேஜ்மென்ட் என்ஜின்’ என்ற தனிச் சிறு கணினியும் நம் கட்டுப்பாட்டுக்கு வெளியே உள்ளே ஓடுகிறது. 2008இல் வந்த திங்க்பேட் எக்ஸ்200 மடிக்கணினியில் அதை அறவே நீக்கி, லிப்ரேபூட் என்ற கட்டற்ற ஃபர்ம்வேரைப் பதிக்கலாம். உள்ளங்கை படும் பலகையைக் கழற்றினால் 8 அல்லது 16 கால்களுடன் ஃபர்ம்வேர் சில்லு தெரியும்; கவ்வி மாட்டி வேறொரு கணினியிலிருந்து எழுத வேண்டும். அடுத்த தலைமுறைகளிலோ, என்ஜினின் நிரலை அழித்தால் சுமார் 30 நிமிடத்தில் கணினியே அணைந்துவிடும். காசு கொடுத்தவருக்கு இது அநியாயம்.

தோட்ட நிர்வாகம் தரும் லயத்து வீடு மாதிரிதான். வெள்ளையடிக்கலாம், வாசலில் துளசி நடலாம். சுவரை இடித்துக் கட்ட நிர்வாகம் சம்மதிக்க வேண்டும்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புவோருக்கு எஃப்பிஜிஏ உண்டு: சுற்றமைப்பை நாமே எழுதிப் பதிக்கும் சில்லு. 2010இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்புக்கு (செயலி புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைகள்) உரிமக் கட்டணம் இல்லாததால், சொந்தச் செயலியையே (ப்ராசஸர்) எஃப்பிஜிஏவில் அமைக்கலாம். வேகம் குறைவுதான், கற்க அதைவிட நல்ல வழி இல்லை.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டாலே கணினி முழுவதும் நம் கையில் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் லினக்ஸ் எழுவதற்கு முன்பே ஃபர்ம்வேர் ஓடத் தொடங்கிவிடுகிறது, லினக்ஸை நிறுவுவதால் அது மாறுவதில்லை.