நாலு வயதுப் பிள்ளைக்கு மாத டெஸ்ட்: அந்த நோட்டு யாருக்காக?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது நாலு மாதம். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி படிக்கிறான். மாதாமாதம் டெஸ்ட். போன மாத ரிப்போர்ட் கார்டில் எழுத்துக்கு ‘சி’ போட்டு, ‘எழுதுவதில் மந்தம்’ என்று சிவப்பு மையில் குறித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷனாம். விட்டுப்போன பக்கங்களை வீட்டில் முடித்து அனுப்பச் சொல்லி நோட்டைக் கொடுத்துவிட்டார்கள். பென்சிலைப் பார்த்தாலே அழுகிறான். காலையில் வயிறு வலிக்குது என்கிறான். எதிர்வீட்டுப் பெண் நூறு வரை எழுதுகிறாள். டியூஷன் சேர்க்கலாமா? பள்ளியை மாற்றலாமா?

பதில்: டியூஷன் வேண்டாம். பள்ளியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த நோட்டை எடுத்து அலமாரியில் வையுங்கள். அவன் கையைப் பிடித்து எழுத வைக்காதீர்கள். அவன் கையெழுத்து மாதிரியே நீங்கள் எழுதி நிரப்பவும் வேண்டாம். நிறைய வீடுகளில் இரவு பத்து மணிக்கு அம்மாக்கள் இடது கையால் ‘அ, ஆ’ எழுதிக்கொண்டிருப்பதை நான் அறிவேன். காலிப் பக்கம் காலியாகவே போகட்டும்.

நாலு வயதுக் கையைக் கொஞ்சம் பாருங்கள். பெரியவர்கள் மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும். நாலு வயதில் ஏறக்குறைய பாதிதான் அந்த நிலைக்கு வந்திருக்கும், கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே எட்டு வயதோ அதற்கு மேலோ ஆகிவிடும். உள்ளங்கைத் தசையும் அப்படித்தான், இன்னும் வலுவேறவில்லை. இந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுது என்றால் அது வலிக்கும். அவன் அழுவது சோம்பலால் என்று நினைக்காதீர்கள்.

அதிலும் நம் ‘அ’ சுலபமான எழுத்து இல்லை. ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக்கோடு, ஒரு நெடுங்கோடு. ‘ட’, ‘ப’ இரண்டும் வெறும் நேர்கோடுகள். வீட்டில் எழுத்து காட்ட ஆசைப்பட்டால் அங்கிருந்து தொடங்குங்கள், அதுவும் பென்சில் இல்லாமல். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுதட்டும். சிலேட்டை அவன் கண் உயரத்துக்குச் சுவரில் மாட்டி, துண்டு சாக்பீஸைக் கொடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து கீழாகக் கோடு இழுக்கும்போது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து வேலை செய்யும். சப்பாத்தி மாவு பிசையட்டும், பட்டாணி உரிக்கட்டும், துணிக்குக் கிளிப் போடட்டும். எழுதுகிற கை இதிலெல்லாம்தான் உருவாகிறது.

எதிர்வீட்டுப் பெண் நூறு வரை எழுதுவதைப் பற்றி. நூறு வரை எழுதுவது வேறு, எண்ணத் தெரிவது வேறு. காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மாவின் மகளை நான் இன்னும் மறக்கவில்லை. அவளுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். அம்மா சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார், கூறுக்கு ஐந்து. மூன்றாவது கூறைப் பார்த்த மாத்திரத்தில், “இதுல நாலுதான்மா இருக்கு” என்று கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து வைத்தாள். விரல் விட்டு எண்ணக்கூட இல்லை. அதே வாரம் அவள் நோட்டில் ‘5’ஐத் திருப்பி எழுதினாள் என்று முட்டை போட்டிருந்தார்கள். ஆறேழு வயது வரை எழுத்தும் எண்ணும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்புவது சகஜம். அது பிழை என்று சிவப்பு மையில் சுழிக்க வேண்டிய விஷயமே இல்லை.

உங்கள் மகனுக்கு எண் தெரியுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல்லாங்குழியில் புளியங்கொட்டையைக் கொட்டி, “எனக்கு நாலு கொடு” என்று கேளுங்கள். அள்ளிக் கொடுக்கிறானா, எண்ணி நாலில் நிறுத்துகிறானா? நிறுத்தினால் கணக்கு தொடங்கிவிட்டது. நிறுத்தாவிட்டாலும் கவலை இல்லை, விளையாட விளையாட வந்துவிடும்.

சரி, இன்ஸ்பெக்‌ஷன். ஆய்வே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் போனார்கள். கூரை, வாசல், படிக்கட்டு, கழிவறை, குடிநீர், பிள்ளைகளை ஏற்றி வரும் வேன் எல்லாவற்றையும் அதிகாரி வந்து பார்க்கத்தான் வேண்டும், இன்னும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். ஆனால் மழலையர் வகுப்பில் குழந்தை என்ன கற்றது என்பது வருகிறவர் கண்ணுக்கு உடனே படாது. நோட்டு படும். அதனால் ஆய்வுக்காக நோட்டு நிரம்புகிறது, பெற்றோருக்காக மார்க் வருகிறது. பெரியவர்களின் பயத்தை நாலு வயதுக் கை சுமக்கிறது. எனக்கு இதில்தான் ஆத்திரம் வரும்.

இங்கே மட்டும் இப்படி என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரிலிருந்து, நாலு வயதில் பள்ளியில் சேரும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஓர் அடிப்படை மதிப்பீடு கட்டாயம். அது பிற்பாடு பள்ளியின் முன்னேற்றத்தை அளக்கத்தான் பயன்படுகிறது. அங்கும் நிறைய ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். பள்ளி முழுவதற்கும் ஒற்றை வார்த்தையில் தரம் போடும் ஆய்வு முறையை 2024 செப்டம்பரில் அங்கே கைவிட்டார்கள்.

வேறு மாதிரி செய்ய முடியும் என்பதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில்தான் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் செய்து கற்கும் முறை அது. அப்போது வியாசர்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் நான் வேலை பார்த்தேன். ஆசிரியரும் பாயில் உட்காருவார். சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. யார் எந்த அட்டை வரை வந்திருக்கிறார்கள் என்று ஏணிப்படி அட்டவணை சொல்லும். ஒருத்தி மூன்று நாள் ஒரே அட்டையில் இருந்தால் அவளை யாரும் மந்தம் என்று சொல்லவில்லை, மூன்று நாள் இருந்தாள், அவ்வளவுதான். அந்த முறையிலும் குறைகள் இருந்தன, அட்டைகளே ஒரு சடங்காகிப் போன பள்ளிகளும் உண்டு. ஆனால் மதிப்பிடுவது என்றால் குழந்தையைப் பக்கத்தில் இருந்து கவனிப்பது என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

இனி பள்ளியில் பேசுவது. இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த பிறகு போங்கள், மிஸ்ஸைத் தனியாகப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளையும் நிர்வாகத்தின் நெருக்கடியையும் சேர்த்துச் சமாளிப்பவர் அவர், சண்டைக்குப் போக வேண்டாம். “அவன் வகுப்பில் எதைச் சந்தோஷமாகச் செய்கிறான், மிஸ்?” என்று முதலில் கேளுங்கள். இதற்குப் பதில் இருந்தால் நல்ல சகுனம். அப்புறம் எழுத்து வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ‘மந்தம்’ என்ற சொல் இனி வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பிடிமானம் தேவைப்பட்டால், மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்மொழியாகவோ எழுத்திலோ எந்தத் தேர்வும் வைக்கக் கூடாது என்று மத்திய அரசின் கல்வி அமைப்பான என்சிஇஆர்டி 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வழிகாட்டுதல்தான், ஆனாலும் காட்டலாம். ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டிருக்கிறது. எல்கேஜிக்கு எங்கிருந்து வரும்?

“இப்போதே எழுதாவிட்டால் ஒன்றாம் வகுப்பில் எங்கும் இடம் கிடைக்காது” என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறும் பள்ளிக்கு முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

வயிற்றுவலியைக் கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் வலிக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். திங்கள் காலை மட்டும் வந்தால் காரணம் தெரிந்ததுதான். இன்னொன்று: அவன் பேசுவது அக்கம்பக்கத்தாருக்குப் பெரும்பாலும் புரியவில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஸ்பூன் பிடிக்கவே சிரமப்படுகிறான் என்றால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். இவை எதுவும் இல்லை என்றால் அவன் கைக்கு நாள் ஆகிறது, அவ்வளவே.

பள்ளியை மாற்றுவது பற்றி: பேசிய பிறகு ஒரு மாதம் பாருங்கள். எழுத்து வேலை குறைந்து அழுகையும் நின்றால் அங்கேயே இருக்கட்டும், நண்பர்களைப் பிரிப்பதும் அவனுக்கு ஒரு வலிதான். நோட்டு வந்துகொண்டே இருந்தால், அல்லது அடித்தார்கள், இருட்டில் நிறுத்தினார்கள் என்று அவன் சொன்னால், வருட நடுவில் என்றாலும் மாற்றிவிடுங்கள். புதுப் பள்ளி பார்க்கப் போகும்போது சுவரில் ஒட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். முப்பது படமும் ஒரே மயிலாக, ஒரே நீலத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல் இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு மயிலுக்கு ஆறு கால் இருந்து, அதை அப்படியே ஒட்டியிருந்தால், உள்ளே போய் விண்ணப்பம் வாங்குங்கள்.