கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களில் நேரடி இசை ஏன் இவ்வளவு குறைந்துபோனது?

பலரும் டிஜேக்களைத்தான் திட்டுகிறார்கள். அது கடைசிக் காரணம்.

எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் தமிழ்ப் பொப்பிசை கொடிகட்டிப் பறந்தது. மண்டபங்கள் நிறைந்ததற்கு அந்த அலையும் ஒரு காரணம். 1983 ஜூலைக் கலவரத்தோடு அடி விழுந்தது. ரசிகரும் வாத்தியக்காரரும் சேர்ந்தே வெளிநாடு போனார்கள். அப்புறம் வந்த வருடங்களில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி இரவு பத்து மணிக்கு யார் வீடு திரும்புவது?

போர் முடிந்தபின் கொஞ்சம் தலைதூக்கியது. அதற்குள் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனா, 2022 மின்வெட்டு. டீசலுக்கே வரிசையில் நிற்கும்போது ஜெனரேட்டர் போட்டு யார் கச்சேரி வைப்பார்?

இப்போது கணக்கும் கட்டுப்படியாகாது. மண்டப வாடகை, ஒலியமைப்பு, பொலிஸ் ஒலிபெருக்கி அனுமதி, கேளிக்கை வரி எல்லாம் போக, கலைஞருக்கு மிஞ்சுவது சில்லறை. மண்டபக்காரருக்கோ ஒரு கல்யாணம் கிடைத்தாலே போதும். அந்தக் கல்யாணத்திலும் பாருங்கள்: ஒரு கீபோர்ட், அதில் செருகிய பென் டிரைவ். தாளம் அதிலிருந்தே வரும். தபேலாக்காரர் வேண்டாம், டிரம்ஸ்காரரும் வேண்டாம். புதிதாக யார் வாசிக்கப் பழகுவார்?

ஹோட்டல்களில் இசைக்குழுக்கள் இன்னும் உண்டு. தமிழ்ப் பாட்டு கேட்டால் ஒன்றிரண்டு பாடுவார்கள், அவ்வளவுதான்.