ஜன்னல் மாற்றப் போகிறவர்களுக்கு: கொட்டேஷன் முதல் வாரண்டி வரை கேள்வி பதில்

ஜன்னலுக்கு அளவெடுப்பது, பொருத்துவது, பிறர் பொருத்திய ஜன்னல் ஒழுகினால் போய்ப் பார்ப்பது, இதுதான் என் தொழில். எந்தக் கம்பெனியின் பொருளையும் நான் விற்பதில்லை. வந்த கேள்விகளைச் சுருக்கித் தந்து பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் கேட்பது இன்னொருவர் கேட்பதைப் போல ஒன்றரை மடங்கு. யார் ஏமாற்றுகிறார்கள்?

யாருமே ஏமாற்றாமல் இருக்கலாம். மூன்று பேரும் மூன்று வேறு ஜன்னல்களுக்கு விலை சொல்லியிருப்பார்கள். மொத்தத் தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

முதலில் பரப்பளவை எப்படிக் கணக்கிட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1190 மிமீக்கு 1190 மிமீ திறப்பு என்றால் உண்மையான பரப்பு 15.24 சதுர அடி. அதையே 4க்கு 4 அடி என்று முழுசாக்கி எழுதினால் 16 சதுர அடி. ஒரு ஜன்னலிலேயே 5 சதவீதம் கூடிவிட்டது. சதுர அடி விலை குறைவாகச் சொல்கிறவர் இப்படி முழுசாக்குகிறவராக இருந்தால் கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அடுத்தது கண்ணாடி. வெறும் '5 மிமீ கிளாஸ்' என்று எழுதியிருந்தால் அது சாதாரணமா, டஃபன்டா (சூடாக்கி உறுதியாக்கியது) என்று கேளுங்கள். 'டபுள் கிளாஸ்' என்றால் இரண்டு கண்ணாடியின் கனம், நடுவில் உள்ள இடைவெளி, பூச்சு உண்டா இல்லையா, எல்லாம் எண்ணாக வேண்டும். ஸ்லைடிங்கில் இரண்டு டிராக்கா, கொசுவலைக்கும் சேர்த்து மூன்று டிராக்கா என்பதிலேயே விலை மாறிவிடும். யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம்) என்றால் அந்தச் சட்டத்தின் வெளிப்பக்கச் சுவரின் கனம் எத்தனை மிமீ, உள்ளே துத்தநாகம் பூசிய இரும்பு எல்லாப் பக்கமும் போகிறதா என்று கேளுங்கள். ஐரோப்பியத் தரத்தில் 'ஏ' வகுப்புக்கு வெளிச்சுவர் 2.8 மிமீ, 'பி' வகுப்புக்கு 2.5 மிமீ. கையில் ஒரு துண்டு கொடுக்கச் சொல்லி அளந்து பார்க்கலாம், கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

அப்புறம் விட்டுப்போகும் வேலைகள். பழைய ஜன்னலைப் பெயர்ப்பது, குப்பையை அப்புறப்படுத்துவது, சாரம் கட்டுவது, பெயர்த்த இடத்தில் பூச்சு போடுவது, பெயின்ட், வரி, ஏற்றுக்கூலி. இவற்றில் எதெல்லாம் தொகைக்குள், எதெல்லாம் வெளியே என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்குங்கள். இதற்கு எளிய வழி, நீங்களே ஒரு தாளில் ஒவ்வொரு ஜன்னலின் அளவு, திறக்கும் முறை, கண்ணாடி, வலை, உடன் வரும் வேலைகளை எழுதி, அதே தாளை மூவருக்கும் கொடுத்து அதற்கு மட்டும் விலை கேட்பது. அதற்குப் பிறகும் ஒன்றரை மடங்கு வித்தியாசம் நின்றால் காரணம் கேளுங்கள். நல்ல காரணம் இருப்பவர் சொல்லிவிடுவார்.

கேள்வி: எந்த பிராண்ட் நல்லது, அண்ணா?

பிராண்ட் சொல்வதில்லை. நல்ல பிராண்ட் ஜன்னலைக் கோணலாகப் பொருத்தி, மழைக்கு ஒழுகுகிறது என்று அழைத்த வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பொருத்துகிறவர் நம்பகமானவரா என்று வேலைக்கு முன்னாலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அவர் அளவெடுப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

சரியாக வேலை தெரிந்தவர் அகலத்தை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் எடுப்பார். உயரத்தையும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் திறப்பின் மூலைகள் செங்கோணத்தில் இல்லை என்று அர்த்தம். அடிக்கட்டையில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். அது வெளிப்பக்கம் சரிகிறதா, உள்பக்கம் சரிகிறதா என்று தடவிப் பார்ப்பார். உள்ளே சரிந்தால் எந்த ஜன்னல் வைத்தாலும் தண்ணீர் உள்ளேதான் வரும். பூச்சு முடிந்துவிட்டதா, இனிமேல்தான் டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா, மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்றெல்லாம் கேட்பார். வாசலில் நின்றபடியே நடுவில் ஒரு தடவை டேப் பிடித்துவிட்டு 'எல்லாம் ஒரே அளவுதான் சார்' என்று கிளம்புகிறவர் பொருத்தும்போது இடைவெளியை எதைக் கொண்டு அடைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அவர் பழைய வேலையைப் போய்ப் பாருங்கள். போன வாரம் முடித்த வீடு வேண்டாம், அது எப்படியும் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்காலம் கடந்த வீடாகக் கேளுங்கள். ஜன்னலுக்குக் கீழே உட்சுவரில் ஓதம் ஏறிய கறை இருக்கிறதா, சிலிக்கான் சுவரை விட்டு உரிந்து நிற்கிறதா, ஷட்டர் (திறந்து மூடும் பகுதி) உரசாமல் மூடுகிறதா, இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

மூன்றாவது, உங்கள் வீட்டுக்கு வரப்போவது யார்? கொட்டேஷன் கொடுக்கிறவர் ஒருவர், அளவெடுக்கிறவர் ஒருவர், பொருத்துவது ஜன்னல் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் வேறொரு குழு என்றால், கோளாறு வரும்போது மூவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். பொறுப்பு யாருக்கு என்று ஒரு பெயரைக் கொட்டேஷனிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஃபோம் அடித்தால் போதும், ஸ்க்ரூ தேவையில்லை என்கிறார் எங்கள் காண்ட்ராக்டர்.

போதாது. ஃபோம் இடைவெளியை நிரப்பும், காற்றையும் சத்தத்தையும் குறைக்கும். அது ஜன்னலைத் தாங்கிப் பிடிப்பதற்கானது இல்லை, தண்ணீரைத் தடுப்பதற்கானதும் இல்லை. வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்துவிடும். சட்டத்தைச் சுவரோடு ஆங்கர் போல்ட்டால் பிடிக்க வேண்டும். மூலையிலிருந்து 150 முதல் 250 மிமீக்குள் முதல் போல்ட், அதற்குப் பிறகு 600 மிமீக்கு ஒன்றாவது வேண்டும். போல்ட் போடும் இடத்தில் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பேக்கிங் கட்டை வைக்காமல் முறுக்கினால் சட்டம் வளைந்து ஷட்டர் உரசும். வெளிப்பக்கம் நியூட்ரல் வகை சிலிக்கான் போட வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற மலிவான வகை சிமென்ட் சுவரில் சரியாக ஒட்டாது, டபுள் கிளாஸின் விளிம்பு ஒட்டையும் லேமினேட்டட் கண்ணாடியின் (நடுவில் படலம் வைத்து இரண்டு கண்ணாடியை ஒட்டியது) நடுப்படலத்தையும் கெடுக்கும். டியூபை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: ரோட்டுச் சத்தம் தாங்கவில்லை. டபுள் கிளாஸ் போட்டால் நின்றுவிடுமா?

குறையும், நிற்காது. ஒரே கனமுள்ள இரண்டு கண்ணாடியைவிட வேறு வேறு கனத்தில் போட்டு, அதில் ஒன்று லேமினேட்டடாக இருப்பது வண்டிச் சத்தத்துக்கு மேல். அதைவிட முக்கியம், ஸ்லைடிங் வேண்டாம். ஸ்லைடிங்கில் ஷட்டர் நகர வேண்டும் என்பதால் ஓரத்தில் பிரஷ் போன்ற நாருதான் இருக்கும், காற்று நுழையும். கதவு போலத் திறக்கும் ஜன்னல் ஓரத்து ரப்பர் பட்டையை (கேஸ்கெட்) அழுத்தி மூடும். காற்று போகிற வழியில்தான் சத்தமும் போகும்.

கேள்வி: கடைக்காரர் சூடு விளக்கை எரியவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கையை வைக்கச் சொன்னார். சூடே தெரியவில்லை. வாங்கலாமா?

அந்த விளக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர், வெயில் அப்படியில்லை. இரண்டு எண் கேளுங்கள். ஒன்று யூ மதிப்பு, கண்ணாடி வழியே வெப்பம் எவ்வளவு கடக்கிறது என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 அளவில் இருக்கும், சாதாரண டபுள் கிளாஸுக்கு 2.8 அளவில், லோ-ஈ என்னும் வெப்பம் தடுக்கும் பூச்சும், நடுவில் ஆர்கான் வாயுவும் சேர்ந்தால் 1.1 வரை இறங்கும். இரண்டாவது, வெயிலின் சூட்டில் எவ்வளவு பங்கு உள்ளே வருகிறது என்று காட்டும் எண், பூஜ்யத்துக்கும் 1க்கும் நடுவில் இருக்கும். வெயில் உறைக்கும் ஊரில் இந்த இரண்டாவது எண்தான் முக்கியம். பூச்சு எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கேளுங்கள். வெயில் ஊரில் வெளிக் கண்ணாடியின் உட்பக்கம்.

கேள்வி: குறைந்த விலை சொன்னவரிடமே கொடுத்துவிடலாமா?

முதல் பதில்.

கேள்வி (தச்சு வேலை செய்யும் நண்பர்): எல்லோரும் பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் வழி சொல்கிறீர்கள். நல்ல மர ஜன்னலைப் பெயர்த்துக் குப்பையில் போடுவது பாவம் இல்லையா? கீலை மாற்றி, ஓரத்துக்குக் கேஸ்கெட் ஒட்டி, அடிக்கட்டையில் ஒட்டுப் போட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

நல்ல மரமாக இருந்தால் உங்கள் பக்கம்தான் நான். அலுமினியம் மரத்தைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நடுவில் வெப்பத் தடை இல்லாத அலுமினியச் சட்டத்துக்கு மரம் எவ்வளவோ மேல். ஆனால் நல்ல மரமா என்று சோதிக்காமல் சொல்லக் கூடாது. சட்டத்தின் கீழ் மூலைகளில் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்திப் பாருங்கள். மரத்தின் வெட்டுவாய் அங்கேதான் தண்ணீர் குடிக்கும். நுனி இறங்காவிட்டால் ஜன்னலை மாற்றவே வேண்டாம், பழுது பார்த்தால் போதும்.

அவரே மறுபடி: இறங்கினால்கூட, பழைய சட்டத்தை அப்படியே விட்டு அதற்குள் புதுச் சட்டத்தைச் செருகலாமே. சுவர் உடைக்க வேண்டாம், தூசி இல்லை, ஒரே நாளில் முடியும். இதை ஏன் எதிர்க்கிறீர்கள்?

மக்கிய மரத்தில் ஸ்க்ரூ பிடிக்காது, அது ஒன்று. பழைய சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் வந்துகொண்டிருந்த வழி அப்படியே இருக்கும், புது ஜன்னல் அதை மறைக்கத்தான் செய்யும். அப்புறம் வெளிச்சம். 1200 மிமீ சதுரத் திறப்பில் புதுச் சட்டமும் ஷட்டரும் ஒரு பக்கத்துக்கு 100 மிமீ எடுக்கும் என்று வையுங்கள். கண்ணாடி 1000 மிமீ சதுரம் கிடைக்கும். உள்ளே ஒரு பக்கத்துக்கு 60 மிமீ பழைய சட்டத்தையும் விட்டால் 880 மிமீ சதுரம்தான். கண்ணாடிப் பரப்பில் கிட்டத்தட்ட 23 சதவீதம் போய்விட்டது.

இன்னொருவர்: தச்சர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சட்டத்தைப் பெயர்த்தால் டைல்ஸ் உடையும், பூச்சு விழும். அந்தச் செலவைக் கொட்டேஷனில் யாருமே காட்டுவதில்லை.

உண்மை, அதனால்தான் முதல் பதிலில் அதை எழுதி வாங்கச் சொன்னேன். செருகும் முறைக்கும் இடம் உண்டு. சட்டம் உறுதியாக இருந்து ஷட்டர் மட்டும் கெட்டிருந்தால் தாராளமாகச் செருகலாம். எந்த முறை என்று கேட்காமல் எல்லா வீட்டுக்கும் செருகுவதைத்தான் எதிர்க்கிறேன்.

தச்சர்: அப்படியானால் மூன்று கொட்டேஷனோடு ஒரு தச்சரிடமும் விலை கேட்கச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். மர ஜன்னல் வைத்திருக்கும் எல்லோரும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: புது ஸ்லைடிங் ஜன்னல், மழை பெய்தால் கீழ் டிராக்கில் தண்ணீர் தேங்கி உள்ளே வழிகிறது. ஃபோம் அடித்து அடைக்கலாமா?

வேண்டாம், ஃபோம் தண்ணீரைத் தடுப்பதற்கானது இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். டிராக்கில் தண்ணீர் வருவது இயல்பு. அது வெளியேறத்தான் சட்டத்தின் வெளிப்பக்கம் கீழே சிறு துளைகள் இருக்கும். பூச்சு போட்ட கொத்தனார் சிமென்ட்டால் மூடியிருப்பார், இல்லையென்றால் சிலிக்கான் போட்டவர் அடைத்திருப்பார். துளையைத் தேடிச் சுத்தம் செய்யுங்கள். ஒரு குவளைத் தண்ணீரை டிராக்கில் ஊற்றினால் வெளியே வழிய வேண்டும். வழியாவிட்டால் பொருத்தியவரை அழையுங்கள்.

கேள்வி: டபுள் கிளாஸுக்கு நடுவில் பனி படிந்த மாதிரி இருக்கிறது. துடைக்கவும் முடியவில்லை.

விளிம்பின் ஒட்டு விட்டுவிட்டது. அந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டும், சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. அறைப்பக்கம் படிந்தால் அறையில் ஈரம் அதிகம் என்று அர்த்தம், வெளிப்பக்கம் படிந்தால் கவலையே வேண்டாம்.

கேள்வி: ஜன்னல் திறப்பைப் பெரிதாக்க வேண்டும். சுவரை எவ்வளவு வெட்டலாம்?

இது என் வேலை இல்லை. மேலே என்ன பாரம் இறங்குகிறது என்று கட்டட இன்ஜினியர் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

கேள்வி: இன்றே முழுத்தொகையும் கட்டினால் பெரிய தள்ளுபடி என்கிறார்கள். நாளைக்குக் கிடையாதாம்.

நாளைக்குக் கிடையாத விலையை விட்டுவிடுங்கள். யோசிக்க நேரம் கொடுக்காதவர், வேலை கெட்டால் பதில் சொல்லவும் நேரம் கொடுக்க மாட்டார். முழு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் அவரைத் திரும்ப வரவைக்க உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அட்வான்ஸ், பொருள் வீட்டுக்கு வந்ததும் ஒரு பங்கு, பொருத்தியதும் ஒரு பங்கு என்று பிரியுங்கள். கடைசிப் பத்து சதவீதத்தை, ஓஸ் பைப்பால் ஜன்னல்மேல் தண்ணீர் அடித்துப் பார்த்து, எல்லா ஷட்டரையும் திறந்து மூடிய பிறகு கொடுங்கள். இதையும் வேலைக்கு முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்த பிறகு பிடித்துவைத்தால் சண்டையில்தான் போய் நிற்கும், அதில் பொருத்தியவர் பக்கமும் நியாயம் இருக்கும்.

கேள்வி: எந்தக் கம்பெனி ஜன்னல் வாங்கலாம்?

மூன்றாவது பதில். பொருத்துகிறவரைத் தேடுங்கள்.

கேள்வி: 15 வருட வாரண்டி என்று கொட்டேஷனில் இருக்கிறது. நம்பலாமா?

எதற்கு 15 வருடம் என்று கேளுங்கள். பெரும்பாலும் சட்டத்தின் நிறமும் உருவமும் மாறாது என்பதற்காக இருக்கும். டபுள் கிளாஸின் ஒட்டுக்கு வேறு காலம், கீல், லாக், ரோலருக்கு வேறு, பொருத்திய வேலைக்கு வேறு. முதல் மூன்றையும் தயாரிப்பாளர் தருவார், நாலாவதைப் பொருத்தியவர்தான் தர வேண்டும். ஒழுகல் பெரும்பாலும் நாலாவதில்தான் வரும், கொட்டேஷனில் எழுதாமல் விடுவதும் அதைத்தான். பொருத்திய வேலைக்கு எத்தனை வருடம், ஒழுகினால் எத்தனை நாளுக்குள் வருவார்கள் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கொட்டேஷனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.