பள்ளிக் கணினி அறையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனி லாகின் கொடுத்து, எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவரவர் ஃபைல் வரும்படி செய்வது எப்படி?

கேட்டிருப்பவர் மண்டபம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. 20 கணினி, எல்லாவற்றிலும் 'ஸ்டூடன்ட்' என்ற ஒரே லாகின். ஒன்பதாம் வகுப்பு செய்துவைத்த பிராஜெக்டை அடுத்த பீரியடில் வரும் பத்தாம் வகுப்பு அழித்துவிடுகிறது என்கிறார்.

டீச்சர், தொண்டியிலிருந்து சாயல்குடி வரை பள்ளி லேப்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. 'ஒவ்வொரு கணினியிலும் எல்லாப் பிள்ளைகள் பெயரையும் உருவாக்கிவிடலாமா' என்று நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். ஒரு பையன் பாஸ்வேர்டை மாற்றினால் 20 இடத்தில் மாற்ற வேண்டும் என்பது சின்னத் தொல்லை. பெரிய தொல்லை வேறு.

லினக்ஸில் பெயர் என்பது நமக்காக. கணினி உள்ளுக்குள் யு.ஐ.டி. என்ற எண்ணைத்தான் பார்க்கும். ஒரு லேபில் நேரில் பார்த்தேன். முதல் கணினியில் ஆரோக்கியத்தை மூன்றாவதாக உருவாக்கியதால் அவன் எண் 1003. ஜன்னலோரக் கணினியில் வரிசை மாறி, பாத்திமாவுக்கு 1003 விழுந்திருந்தது. ஃபைல்களோ எல்லாருக்கும் பொதுவான சர்வர் கணினியில்; அங்கிருந்து மற்ற கணினிகளுக்கு வருவது என்.எஃப்.எஸ். என்ற ஃபைல் பகிர்வு முறை வழியாக. ஆள் யாரென்று சரிபார்க்கும் கெர்பரோஸ் முறையைச் சேர்க்காத என்.எஃப்.எஸ். வருகிற எண்ணை அப்படியே நம்பும். பாத்திமா ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஆரோக்கியத்தின் வீட்டுப்பாடம் அவளுக்குச் சொந்தம். தன்னுடையதைத் திறக்கப் போனால் அனுமதி இல்லை. பிள்ளைகள் இருவரும் மாறி மாறிப் பழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவறு இருவர் மீதும் இல்லை.

அதனால் கணக்குகள் ஓர் இடத்தில்தான் இருக்க வேண்டும். 20 கணினியும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது ஆக்டிவ் டைரக்டரி, விண்டோஸ் 2000-இலிருந்து இருக்கிறது. லினக்ஸில் எல்டாப் என்ற கணக்குப் பட்டியல் சேவை. விண்டோஸ் சர்வர் லைசென்ஸுக்குப் பணம் இல்லையென்றால் சாம்பா என்ற இலவச மென்பொருள் போதும். 2012-இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து அதுவே டொமைன் கன்ட்ரோலராக, அதாவது எல்லாக் கணினிகளின் லாகினையும் சரிபார்க்கும் சர்வராக நிற்கும். எல்லாம் லினக்ஸ் கணினிகள் என்றால் டெபியன் எடு என்று ஒன்று உண்டு, 2001-இல் நார்வேயில் ஸ்கோலேலினக்ஸ் என்ற பெயரில் பள்ளிகளுக்காகவே தொடங்கியது. லாகின், அவரவர் ஃபைல் இருக்கும் ஹோம் ஃபோல்டர் எல்லாம் இன்ஸ்டால் செய்யும்போதே தயாராக வரும். ஒன்றை மட்டும் இன்றே பாருங்கள்: கணினிகளில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் அவை டொமைனில் (ஒரே சர்வரின் கீழ் இயங்கும் கணினிக் கூட்டத்தில்) சேரவே சேராது. புரோ அல்லது எஜுகேஷன் வேண்டும். விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார்.

லாகின் பெயருக்குப் பிள்ளையின் பெயரை வைக்காதீர்கள். கீழக்கரையில் ஒரே வகுப்பில் எத்தனை முகம்மது, தங்கச்சிமடத்தில் எத்தனை அந்தோணி என்று உங்களுக்கே தெரியும். பள்ளிச் சேர்க்கை எண் போதும்.

அடுத்து ஃபைல். 'ரோமிங் புரொஃபைல்' போடச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அது லாகின் செய்யும்போது பிள்ளையின் செட்டிங், ஃபைல் மொத்தத்தையும் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கும், வெளியேறும்போது திரும்ப ஏற்றும். தலைக்கு 500 எம்.பி. என்றே வையுங்கள், மணி அடித்ததும் 20 பேர் ஒன்றாக உள்ளே வந்தால் 10 ஜி.பி. கணினிகளை இணைக்கும் பழைய 100 எம்.பி.பி.எஸ். நெட்வொர்க் சுவிட்சில் அது இறங்கக் கால் மணி நேரம் ஆகும். 40 நிமிட பீரியடில் மிச்சம் என்ன? அதற்குப் பதில் ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் போடுங்கள். டாகுமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டும் சர்வரைக் காட்டும்; திறக்கிற ஃபைல் மட்டும் வரும். அதோடு 'ஆஃப்லைன் ஃபைல்ஸ்' வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை உட்கார்ந்த கணினியிலெல்லாம் ஒரு நகல் சேர்ந்துகொண்டே போகும். ஒருவர் இவ்வளவுதான் சேமிக்கலாம் என்ற வரம்பு, அதாவது கோட்டாவும் அவசியம். தலைக்கு 500 எம்.பி. என்றால் 400 பிள்ளைக்கு 200 ஜி.பி.தான். கோட்டா இல்லாத லேபில் ஒருவன் சினிமா ஏற்றினால் மற்றவன் ஒரு பக்கக் கடிதத்தைக்கூடச் சேமிக்க முடியாது.

பொது ஃபோல்டர் இரண்டு போதும். ஒன்றில் நீங்கள் பாடம் வைப்பீர்கள், பிள்ளைகள் படிக்கலாம், மாற்ற முடியாது. இன்னொன்றில் அவர்கள் வேலையைப் போடலாம், மற்றவர் போட்டதைப் பார்க்கவோ அழிக்கவோ முடியாது. ஒன்று முதல் ஐந்து வரை உள்ள வகுப்புகளுக்குப் பொது லாகினே இருக்கட்டும், வெளியேறியதும் எல்லாம் அழிகிற மாதிரி. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டிருந்தால் பீரியடே போய்விடும்.

இனி நம்ம ஊர்ப் பாடு. உப்புக்காற்றில் நெட்வொர்க் கேபிள் முனை பச்சை பூத்துவிடும். 'சர்வர் போச்சு' என்று கூப்பிடுகிற அழைப்புகளில் பல, கிளிப்பைக் கழற்றித் துடைத்தாலே சரியாகிறவை. கரண்ட் போய் வந்ததும் ஒரே ஒரு கணினியில் மட்டும் யார் லாகின் செய்தாலும் மறுக்கிறதா? பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். கெர்பரோஸ் வழக்கமாக 5 நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசத்தைப் பொறுக்காது. மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி செத்திருக்கும், கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இன்டர்நெட் இல்லாத நாளிலும் மற்ற கணினிகள் சர்வரைப் பார்த்து நேரம் திருத்திக்கொள்ளும்படி வைத்துவிடுங்கள்.

யு.பி.எஸ். வாங்கும்போது சர்வருக்கும் கணினிகளுக்கும் கணக்குப் போட்டுவிட்டு நெட்வொர்க் சுவிட்சை மறந்துவிடுவார்கள். கரண்ட் போனதும் சுவிட்ச் அணையும். எல்லாத் திரையும் எரிந்துகொண்டிருக்கும், ஹோம் ஃபோல்டர் மட்டும் காணாமல் போய் ஒவ்வொரு கணினியும் உறைந்து நிற்கும். ஃபைல் எல்லாம் ஒரே சர்வரில் இருப்பதால் தினமும் தனி ஹார்டு டிஸ்கில் நகல் ஓடட்டும், அந்த டிஸ்க் ராத்திரி வேறு அறை பீரோவில் இருக்கட்டும். ஐப்பசி மழையில் தரையில் வைத்த சர்வர் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு வெளியேறும்போது கணக்கை முடக்குங்கள், ஃபைலைப் பிள்ளைக்குப் பென் டிரைவில் கொடுங்கள், பிறகு அழியுங்கள். அந்த யு.ஐ.டி. எண்ணை மட்டும் ஜூனில் சேரும் புதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடாதீர்கள். எங்காவது மிச்சம் கிடக்கும் பழைய ஃபைல்கள் அவனுடையதாகிவிடும்.